தோள்வலிக்கு எத்தனை விழுக்காடு?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

போர்க்களத்தில் மார்பிலும் முகத்திலும் பட்ட புண்ணை 'விழுப்புண்' என்று பெயரிட்டுப் போற்றியது தமிழ் மரபு. திருவள்ளுவரும் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களை வீரர்க்கென ஒதுக்கினார். ஆனால், தழும்பே இல்லாத காயமும் உண்டு. அதை எவரும் பார்க்க முடியாது. பட்டவர் சொன்னால்தான் உண்டு. அத்தகைய காயத்துக்கு அரசு எவ்வாறு மதிப்புப் போடுகிறது? அந்த மதிப்பு தவறென்று தோன்றினால் எங்கே முறையிடுவது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வேலூர்ப் பகுதிக்கும் இராணுவத்துக்கும் உள்ள தொடர்பு நீண்டது. கம்மவான்பேட்டையை 'இராணுவப்பேட்டை' என்றே மக்கள் அழைப்பார்கள். வேலூர்க் கடைவீதியில் உள்ள மணிக்கூண்டில், முதல் உலகப்போருக்குச் சென்றவர்களின் தொகையும் உயிர் நீத்தவர்களின் தொகையும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. உயிரோடு திரும்பி, உடல் குறையோடு வாழ்ந்தவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. அவர்களுடைய கணக்கு கோப்புகளில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கோப்பு எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலும் இருந்தது.

பெட்டிக்குள் இருந்த கடிதம்

என் சித்தப்பா 2002-இல் படையில் சேர்ந்தார். 2009-இல், அவருடைய படைப்பிரிவு நடத்திய கைப்பந்துப் போட்டியில், வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடித்துவிட்டுக் கீழே விழுந்தபோது வலது தோள் நழுவியது. இராணுவ மருத்துவமனையில் எலும்பை மீண்டும் இடத்தில் பொருத்தினார்கள். அதன்பின் பயிற்சியிலும், சுமை தூக்கும்போதும், ஒருமுறை தூக்கத்தில் புரண்டு படுத்தபோதும் அந்தத் தோள் நழுவியது. 17 ஆண்டுப் பணி முடிந்து 2019-இல் ஊர் திரும்பினார். விடுபடும்போது நடந்த மருத்துவக் குழுவின் முடிவு சில வாரங்களில் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அக்கடிதத்தை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, வருமானச் சான்றுக்காகப் பெட்டியைக் குடைந்தபோது அக்கடிதம் கையில் அகப்பட்டது. "இது என்ன சித்தப்பா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை பாப்பா, பென்ஷன் கிடையாது என்று எழுதியிருக்கிறான்" என்றார்.

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். அதில் எழுதியிருந்தது வேறு. காயம் பணியால் விளைந்தது என்பதைக் குழு ஒப்புக்கொண்டிருந்தது. குறைபாட்டின் அளவு மட்டும் 15 முதல் 19 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 20 விழுக்காட்டை எட்டாததால் ஊனமுற்றோர்க்கான ஓய்வூதியப் பகுதி இல்லை என்றும், முடிவில் உடன்பாடு இல்லையேல் ஆறு மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. அந்த ஆறு மாதம் கழிந்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

தோள் என்னும் மூட்டு

விழுக்காட்டைப் புரிந்துகொள்ள முதலில் தோளைப் புரிந்துகொள்ள வேண்டும். இடுப்பு மூட்டும் தோள் மூட்டும் பந்துக்கிண்ண மூட்டு வகையைச் சேர்ந்தவை என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால், இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. இடுப்பில் தொடையெலும்பின் தலை, ஆட்டுக்கல் குழியில் குழவி இருப்பதுபோல் ஆழமாக அமர்ந்திருக்கிறது. தோளில் மேற்கை எலும்பின் தலை, சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல் இருக்கிறது. கிண்ணம் ஆழமற்றது; உருண்டையின் சிறு பகுதிதான் ஒரு நேரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையம் ஒன்று இருக்கிறது. நான்கு தசைகளின் நாண்கள் முன்னும் மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உருண்டையை நடுவில் நிறுத்துகின்றன. இந்த அமைப்பினால்தான் கையைப் பக்கவாட்டில் உடலோடு ஒட்டிய நிலையிலிருந்து தலைக்கு மேல்வரை, ஏறத்தாழ 180 பாகை உயர்த்த முடிகிறது. இத்தனை அசைவுக்கு நாம் கொடுக்கும் விலை, உறுதிக் குறைவு. உடலின் பெரிய மூட்டுகளில் மிகுதியாக நழுவுவது தோள்தான். பெரும்பாலும் முன்பக்கமாகவே நழுவும். ஒருமுறை நழுவும்போது விளிம்பு வளையம் கிழிந்துவிட்டால், மறுமுறை நழுவுவது எளிதாகிவிடுகிறது. இளம் வயதில் முதன்முறை நழுவியவர்களுக்கு இது திரும்பத் திரும்ப நேர வாய்ப்பு மிகுதி.

மூன்று வினாக்கள்

இனி விதிகளுக்கு வருவோம். படையிலிருந்து விடுபடும் ஒருவரிடம் குறைபாடு காணப்பட்டால் மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது: குறைபாடு பணியால் விளைந்ததா, அல்லது முன்பே இருந்து பணியால் மோசமானதா? இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தால் போதும். இரண்டும் இல்லை என்று குழு முடிவு செய்தால், அத்தொடரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்று சுருக்கி எழுதுவது வழக்கம். தமிழ் வீட்டில் அந்தச் சொல்லைப் படிக்கிறவர், "நானா காரணம்?" என்று தம்மையே கேட்டுக்கொள்ளும்படி அது அமைந்துவிட்டது!

இரண்டாவது: குறைபாடு எத்தனை விழுக்காடு? 20 விழுக்காடு அல்லது அதற்குமேல் இருக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு இராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளிலேயே உள்ள வரம்பு.

மூன்றாவது: அவர் எப்படி விடுபட்டார்? உடல்நிலை காரணமாக இடையில் வெளியேற்றப்பட்டாரா, பணிக்காலம் முடிந்து வந்தாரா?

2023 செப்டம்பரில் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் விடுபடுகிறவர்கள் அவற்றையே பார்க்க வேண்டும். அதற்கு முன் விடுபட்டவர்களின் நிலையையே இங்குக் கூறுகிறேன்.

"விளையாட்டில் அடிபட்டதற்கெல்லாம் பென்ஷனா?" என்று நம் நண்பர்களிற் சிலர் கேட்கக்கூடும். படைவீரனின் உடல் உறுதி அவனுடைய சொந்த விவகாரம் அன்று. ஆதலால், மேலதிகாரிகள் நடத்திய அல்லது அனுமதித்த விளையாட்டில் கலந்துகொள்ளும் நேரத்தைப் பணிநேரமாகவே தகுதி விதிகள் கொள்கின்றன. விடுப்பில் நேர்ந்த விபத்துகளில் வழக்கின் தன்மையைப் பொறுத்து முடிவு மாறும். விடுப்பில் ஊருக்குச் செல்லும் வழியில் விபத்தில் கையை இழந்த வீரர் ஒருவருக்கு, மதன்சிங் ஷெகாவத் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் வழங்கியது. விடுப்பில் உறவினர் வீட்டுப் படியிலிருந்து விழுந்தவருக்கு 2015-இல் விஜயகுமார் வழக்கில் மறுத்தது. முன்னதில் பயணத்துக்கும் பணிக்கும் தொடர்பு இருந்தது, பின்னதில் இல்லை.

ஒரு விழுக்காட்டின் விலை

விழுக்காடு பணமாவது எப்படி என்பதை ஒரு கணக்கால் காண்போம். குறைபாடு 100 விழுக்காடு என்றால், கடைசியாகப் பெற்ற கணக்கிடத்தக்க ஊதியத்தில் 30 விழுக்காடு ஊனப் பகுதியாகக் கிடைக்கும். குறைபாடு குறையக் குறைய அதே விகிதத்தில் இத்தொகையும் குறையும். கணக்குக்காக ஊதியம் 40,000 ரூபாய் என்று கொள்வோம். 100 விழுக்காட்டுக்கு மாதம் 12,000 ரூபாய். 20 விழுக்காட்டுக்கு 2,400 ரூபாய்.

இதோடு நிற்கவில்லை. மருத்துவர் இருவர் ஒரே உடலுக்கு வெவ்வேறு எண் சொல்லக்கூடும் என்பதை உணர்ந்து, 1996 முதல் ஒரு முறை வகுக்கப்பட்டது. 20 முதல் 50-க்குக் கீழ் உள்ளவை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளவை 75 என்றும், அதற்கு மேற்பட்டவை 100 என்றும் முழுமையாக்கப்படும். இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே அளிக்கப்பட்டு வந்த இச்சலுகை, பணிக்காலம் முடிந்து விடுபட்டவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, 20 விழுக்காடு பெற்றவர் 50 விழுக்காடு பெற்றவராகக் கருதப்படுவார். மேற்கண்ட கணக்கில் அவருக்கு மாதம் 6,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும் கிடைக்கும். 19 விழுக்காடு பெற்றவருக்கு ஒன்றுமே இல்லை! ஒரே ஓர் எண்ணின் வேறுபாடு இது. என் சித்தப்பா இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவலராக இருக்கிறார். மாதம் 6,000 ரூபாய் என்பது அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு.

அச்சத்தைக் காட்ட வேண்டிய சோதனை

மதிப்பு ஏன் குறைந்தது? இதற்கு விடை தேடியபோதுதான் நான் எதிர்பாராத ஒன்றைக் கற்றுக்கொண்டேன்.

தோளைச் சோதிக்கும் மருத்துவர் கோணமானியை வைத்து, கை எத்தனை பாகை உயர்கிறது என்று அளப்பார். ஆனால், நழுவும் தோளில் கோணம் மட்டும் போதாது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, முழங்கையை மடக்கி, முன்கையை மெல்லப் பின்னோக்கித் திருப்புவார். திருப்பும்போது நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். தோள் நழுவப் போகிறது என்ற அச்சம் முகத்தில் தோன்றினாலோ, அவர் தசையை இறுக்கித் தடுத்தாலோ, மூட்டு உறுதியற்றது என்பதற்கு அது ஓர் அறிகுறி. இதற்கு 'அச்சச் சோதனை' என்றே மருத்துவத்தில் பெயர்.

அச்சத்தை வெளிக்காட்டாதே என்று பதினேழு ஆண்டுகள் பழக்கப்பட்ட ஒருவரிடம் இச்சோதனை நடக்கிறது! அன்று என்ன நடந்தது என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"டாக்டர் பெரிய அதிகாரி. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை சார் என்றேன்."

"வலித்ததா?"

"வலிக்காமல் என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினேன்."

குழுவின் அறிக்கையில், கடந்த ஓராண்டில் தோள் நழுவவில்லை என்றும் குறிப்பு இருந்தது. அது உண்மைதான். நழுவும் நிலைக்கு அவர் கையைக் கொண்டு போகவே இல்லை என்பதும் உண்மை. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ அதுவே அச்சச் சோதனையின் நிலை. சித்தப்பா எப்போதும் இடக்கையால்தான் கம்பியைப் பிடிப்பார். சட்டையில் முதலில் வலக்கையை நுழைத்துவிட்டுத்தான் இடக்கையை நுழைப்பார். வலப்பக்கம் சாய்ந்து படுப்பதில்லை. சிறு வயது முதல் இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தும், இவையெல்லாம் சான்று என்று எனக்குத் தோன்றியதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை. அறிக்கையில் இவற்றில் ஒன்றும் இல்லை.

மருத்துவக் குழுவை மட்டும் குறை கூறுவது நேர்மை ஆகாது. சொல்லாத வலியை எவரும் எழுத முடியாது. அதே நேரத்தில், வலிக்கவில்லை என்று வீரன் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வதும் முழுமையான சோதனை ஆகாது. வலியை மிகைப்படுத்துவோரும் உலகில் உண்டு. அதற்கு மருந்து, துல்லியமாக அளப்பதும், படமெடுத்துப் பார்ப்பதும், பழைய மருத்துவமனைக் குறிப்புகளோடு ஒப்பிடுவதுமே.

மேல்முறையீட்டின் படிகள்

முதற்படி, படைத் தலைமையகத்தில் உள்ள முதல் மேல்முறையீட்டுக் குழு. மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கும் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு. அதற்கும் ஆறு மாதம். அதன்பின், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயம். அதன் மண்டல அமர்வு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. டில்லிக்குப் போக வேண்டும் என்று எண்ணிச் சோர்ந்துவிடுகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

காலம் கடந்தவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. தர்சேம்சிங் என்ற வீரர் 1983-இல் வெளியேற்றப்பட்டு, 16 ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் சென்றார். மாதந்தோறும் கிடைக்க வேண்டிய ஓய்வூதியம் கிடைக்காமற் போவது தொடர்ந்து நிகழும் தவறு என்பதால், தாமதத்தை மட்டும் காட்டி உரிமையை மறுக்க வேண்டியதில்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், நிலுவைத் தொகையை வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு என வரம்பிட்டது. தாமதித்தால் உரிமை போய்விடாது. பணம் போய்விடும் என்று இதைச் சுருக்கமாக நினைவில் கொள்ளலாம்.

வேறு இரண்டு தீர்ப்புகளும் அறியத்தக்கவை. சேரும்போது எழுதப்பட்ட குறிப்பில் இல்லாத நோய் பின்னர் தோன்றினால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். மறுக்கும் குழு காரணத்தை எழுத வேண்டும் என்கிறது தரம்வீர்சிங் வழக்கு (2013). பணிக்கு உதவார் என்று இடையில் வெளியேற்றப்பட்டவரின் குறைபாடு 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டது என்றே கருத வேண்டும் என்கிறது சுக்விந்தர்சிங் வழக்கு (2014). பின்னது என் சித்தப்பாவுக்குப் பொருந்தாது. அவர் பணிக்காலம் முடித்து வந்தவர். எந்தத் தீர்ப்பு நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தறிவதே மனு எழுதுவதில் பாதி வேலை.

மனுவில் என்ன எழுதுவது?

நான் முதலில் எழுதிய மனுவை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. "நாட்டுக்காக இளமையைத் தியாகம் செய்த ஏழை வீரர்" என்று தொடங்கி இரண்டு பக்கம் கண்ணீர் வடித்திருந்தேன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "அம்மா, கருணை கேட்கிறாயா, கணக்குக் கேட்கிறாயா?" என்றார். பிறகு, தேவையானவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவற்றை இங்கே தருகிறேன்:

1. காயம் பட்ட நாள், இடம், சூழ்நிலை. அப்போது எழுதப்பட்ட காய அறிக்கையின் படி.

2. தோள் நழுவி மருத்துவமனையில் சேர்ந்த ஒவ்வொரு நாளும்; உடல்தகுதி வகை குறைக்கப்பட்ட ஆணைகளும்.

3. விடுபடும்போது கூடிய மருத்துவக் குழுவின் முழு அறிக்கை. கையில் இல்லையேல் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம்.

4. எலும்பு மருத்துவரின் இன்றைய கருத்து. கோணங்களும் உறுதிச் சோதனைகளின் முடிவும், காயம் பட்டது பழக்கக் கையா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

5. அன்றாடம் செய்ய முடியாதவை. மிகையின்றி, ஒவ்வொன்றும் ஒரு வரியில்.

6. எந்த முடிவு தவறு, ஏன் தவறு, என்ன வேண்டும் என்பன. விழுக்காடு மட்டுமே தகராறு என்றால், மீண்டும் மருத்துவக் குழு கூட்டும்படி கேட்கலாம்.

ஐந்தாவது பகுதிதான் எழுதக் கடினமாக இருந்தது. சித்தப்பா ஒவ்வொன்றையும், "இதெல்லாம் எதற்கு பாப்பா?" என்று தள்ளிவிட்டார். மூன்று மாலைகள் பேசிய பிறகு, தூக்கத்தில் தோள் நழுவிய இரவைப் பற்றிச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் விழித்துவிடுவார்களே என்று போர்வையை வாயில் திணித்துக்கொண்டாராம். சித்திக்கே அது அன்றுதான் தெரியும். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

இன்றைய நிலை

முதல் மேல்முறையீடு காலம் கடந்தது என்ற பதிலோடு திரும்பி வந்தது. இப்போது வழக்கு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. மீண்டும் மருத்துவக் குழு கூட்ட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். முடிவு எப்படி அமையும் என்று சொல்ல நான் சட்டம் படித்தவள் அல்லள். புதிய குழு 20 என்றும் சொல்லலாம். பழைய எண்ணையே திரும்பவும் சொல்லலாம். ஆனால், இம்முறை வலிக்கிறதா என்று கேட்டால் வலிக்கிறது என்று சொல்வதாகச் சித்தப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வலியை மறைப்பது களத்தில் வீரமாக இருக்கலாம். மருத்துவர் முன் அதைச் சொல்வது கோழைத்தனம் அன்று, அது சாட்சியம்.

இக்கல்லூரியில் படைவீரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கிறோம். நம் தந்தையரும் சிற்றப்பன்மாரும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஆங்கிலக் கடிதங்களை எடுத்துப் படிக்க நம்மைவிட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? நாம் பெற்ற படிப்பின் முதற்பயன் அதுவாக இருக்கட்டும். கடிதத்தின் கடைசிப் பத்தியை மறவாமல் படியுங்கள். காலக்கெடு அங்கேதான் எழுதியிருக்கும்.